நெத்தோலி, மொத்தம் இருபத்துமூன்று

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
போன் டிஸ்ப்ளே மாற்றக் கொடுத்திருந்தேன்.
அரைமணி நேரம் ஆகும் என்ற ஸ்டெர்லின் அண்ணன்
அதுவரைக்கும் என்று ஒரு ஹெட்போனை நீட்டினார்.
"எங்க பேண்டு. பேரு நெத்தோலி. இப்ப இல்ல.
இருபத்திமூணு பாட்டு, நாப்பத்தொம்பது நிமிசம்.
அவ்வளவுதான் நாங்க."

அவர்கள் கலைந்த வருடம் நான் நான்காம் வகுப்பு.
கூட்டத்தில் நின்று கத்தியதில்லை,
ஒரு போஸ்டரைக்கூடப் பார்த்ததில்லை.
ஆகவே இதை ஏக்கம் என்று சொல்லிவிட முடியாது.

முதல் பாட்டுக்கு முன்னால் யாரோ இருமுகிறார்கள்.
குலசேகரத்தில் ரப்பர் ஷீட் காயப்போடும் புகைப்புரை அது.
மழைக்காலம், பால்வெட்டு இல்லை,
சும்மா கிடந்ததால் ஸ்டுடியோ.
டிரம்ஸ் அடித்த அபினேஷுக்கு வீசிங்.
அந்தக் கரிக்குள் உட்கார்ந்து
ஒண்ணு, ரெண்டு, ஒரு இழுப்பு, நாலு
என்று எண்ணுகிறான்.
மூன்று இருக்க வேண்டிய அந்த இழுப்பிலிருந்துதான்
நான்கு பேரும் ஒன்றாகச் சரிகிறார்கள்.

மூன்றே கார்டு. நான்காவது அப்போது தெரியாது.
களியக்காவிளை பஸ்ஸில் பாக்கிச் சில்லறை தராத கண்டக்டருக்கு
ஒரு பாட்டு முழுக்க வசவு.
அரியர் எழுதப்போகும் காலையில்
தோசை கருகுவது பற்றி ஒன்று, ஐம்பத்தியொரு விநாடி.
பிறகு யாரென்றே தெரியாத ஒருத்திக்கு:
"நீ கருங்கல்லுல எறங்கிப் போனா
நான் கருங்கல்லா நிப்பேன்டீ"
இதை விபின்லால் பதினொரு முறை கத்துகிறான்.
ஒன்பதாவது முறை குரல் பிளக்கிறது.
பிளந்ததை அப்படியே வைத்திருக்கிறார்கள்.

ஏழாவது பாட்டில் கிதார் கம்பி ஒன்று அறுகிறது.
டிங்.
"லேய்" என்கிறது ஒரு குரல்.
தகரத்தில் மழை கூடுகிறது.
யாரும் நிறுத்தவில்லை.
இருக்கிற ஐந்து கம்பியை வைத்துக்கொண்டு
அடுத்த நாற்பது விநாடி அவர்கள் ஓடும் ஓட்டத்துக்காக
முந்நூறு ரூபாய் வேலைக்கு அறுநூறு கொடுத்து
பென்டிரைவையும் வாங்கி வந்தேன்.

ஆசாரிப்பள்ளத்தில் ரத்த வங்கி, எனக்கு ராத்திரி டியூட்டி.
சென்ட்ரிஃப்யூஜ் ஐந்து நிமிடம் சுற்றுவதற்குள்
மூன்று பாட்டு முடிந்துவிடும்.
ரத்தம் பிரிந்து அடியில் தங்கியிருக்கும்.

பதினான்காவதில் டியூனர் வாங்கிவிட்டார்கள் போலிருக்கிறது.
பாட்டு மூன்று நிமிடம் ஆகிறது.
கடல் வருகிறது, காலம் வருகிறது,
வாழ்க்கை என்ற சொல்லே வந்துவிடுகிறது.
கண்டக்டர் எங்கோ இறங்கிப் போய்விட்டார்.
கடைசிப் பாட்டு நாலு நிமிடம் ஐம்பது விநாடி.
வயலின் உண்டு. சுருதி சுத்தம்.
யாரும் இருமவில்லை.
அதைக் கேட்கும்போதெல்லாம்
எழுந்துபோய்க் கதவைத் தட்டத் தோன்றும்:
முடியப்போகுது, தெரியலையா உங்களுக்கு?

"சண்டையா அண்ணா?" என்று ஒருநாள் கேட்டேன்.
"சண்ட போட்டிருந்தா
இன்னும் நாலு பாட்டு வந்திருக்கும் மக்களே.
அபினேஷ் சலாலா போனான். ரெஜின் கல்யாணம் கட்டுனான்.
ஆம்ப்ளிஃபயர வில்லுக்குறில ஒரு சபைக்குக் குடுத்தாச்சு.
விபின்லால் இங்கதான், தக்கலை ஈபில."
சொல்லிக்கொண்டே
யாருடைய போனிலிருந்தோ
ஒரு பொடி ஸ்க்ரூவைக் காந்தத்தால் எடுத்தார்.

போன வாரம் காற்று. வீட்டில் கரண்ட் போனது.
புகார் எண்ணில் மறுமுனை எடுத்து,
பீடரில் ரப்பர் மரம் சாய்ந்திருக்கிறது என்றது.
"வந்துரும்மா, வந்துரும்."
இரண்டாவது "வந்துரும்"
நடுவில் பிளந்தது.

கருங்கல் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.
"சர்வீஸ் நம்பர் என்னம்மா" என்று கேட்டார்.
சொன்னேன்.

ஒன்றேகாலுக்குக் கரண்ட் வந்தது, ஃபேன் சுற்றியது,
அம்மா எழுந்து மோட்டார் போட்டாள்.
அதற்கப்புறமும் ஒருமுறை அந்த எண்ணை அழைத்தேன்.
பிஸி.